டி.ஐ. குழாய் டெஸ்டில் பிரஷர் இறங்கினால்: முள் சொல்வதும் லிட்டர் சொல்வதும்

கேள்வி இதுதான்: பேரூராட்சி விநியோகத்துக்கு 200 மி.மீ. கே9 (சுவர்க் கனத்தின் வகை) டி.ஐ. (டக்டைல் அயர்ன், வளைந்துகொடுக்கும் இரும்பு) குழாய் 500 மீட்டர் பதித்திருக்கிறார்கள். 9 கிலோவுக்கு (சதுர செ.மீ.க்கு 9 கிலோ அழுத்தம்) ஏற்றினால் அரை மணி நேரத்தில் 6 கிலோவுக்கு இறங்குகிறது. ஒப்பந்ததாரர் "காற்று" என்கிறார், மேற்பார்வையாளர் "லீக்" என்கிறார். யார் சொல்வது சரி? பதிக்கும்போது எதைக் கவனித்திருக்க வேண்டும்? இனி எப்படிப் பராமரிப்பது?

இருவருமே கேஜ் (அழுத்தமானி) முள்ளை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். முள் பாதிக் கதைதான் சொல்லும். மீண்டும் 9 கிலோவுக்கு ஏற்ற எத்தனை லிட்டர் பிடித்தது என்று யாராவது அளந்தார்களா?

கணக்கைப் பாருங்கள். 200 மி.மீ. குழாய் 500 மீட்டரில் ஏறக்குறைய 15,700 லிட்டர் தண்ணீர் நிற்கும். காற்றே இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரம்பியிருந்தால், அழுத்தத்தை ஒரு கிலோ கூட்ட ஒரு லிட்டர் அளவுதான் தேவை. தண்ணீர் அமுங்குவதற்கு முக்கால் லிட்டர், குழாய் கொஞ்சம் விரிவதற்கு மீதி. அப்படியானால் 9-லிருந்து 6-க்கு இறங்கியதென்றால், வெளியே போனது மூன்று லிட்டர்தான். அரை மணிக்கு மூன்று, மணிக்கு ஆறு.

விதிப்படி எவ்வளவு போகலாம்? இணைப்புகளின் எண்ணிக்கையை மி.மீ. விட்டத்தால் பெருக்கி, கிலோ கணக்கிலான டெஸ்ட் அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, 3.3-ஆல் வகுத்தால் மணிக்கு இத்தனை கன செ.மீ. என்று வரும். 5.5 மீட்டர் குழாய் என்றால் 91 இணைப்பு. 91 × 200 × 3 ÷ 3.3 = 16,545, அதாவது மணிக்கு 16.5 லிட்டர். ஆக, காற்று இல்லாத லைனில் மணிக்கு ஆறு லிட்டர் என்பது விதிப்படி 'பாஸ்'. இதே விதியை முள்ளால் பார்த்தால், அனுமதித்த அளவு தண்ணீர் போனாலே ஒன்பது கிலோவும் அரை மணிக்குச் சற்று மேலே போனதும் சுழியமாகிவிடும்!

ஆனால் அதோடு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூத்திரம் வார்ப்பிரும்புக் குழாய் காலத்திலிருந்து வருவது. ரப்பர் ரிங் போட்ட இணைப்புக்கு அது ரொம்பத் தாராளம். ஒழுங்காகப் பதித்த டி.ஐ. லைனில் கசிவு கிட்டத்தட்ட இல்லாமலே இருக்க வேண்டும். 91 இணைப்பும் சேர்ந்து மெல்லக் கசிவதில்லை. 90 இணைப்பு நன்றாக இருக்கும், ஒன்றில் மட்டும் ரிங் பிசகியிருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துத்தான் மூட வேண்டும்.

அளப்பது எளிது. டெஸ்ட் பம்பின் உறிஞ்சு குழாயை லிட்டர் கோடு போட்ட டிரம்மில் விடுங்கள். முதலில் 5-லிருந்து 6 கிலோவுக்கு ஏற்ற எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை லிட்டருக்குள் என்றால் காற்று பெரிதாக இல்லை. ஐந்தாறு லிட்டர் குடிக்கிறதென்றால் எங்கோ மேட்டில் காற்று அடைபட்டிருக்கிறது, ஒப்பந்ததாரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடைபட்ட காற்று அசையாமல் இருந்தால் அது அழுத்தத்தைக் குறைக்காது. அது செய்வது வேறு: கசிவை மறைக்கும். காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி; ஐந்து லிட்டர் வெளியே போனாலும் முள் ஒரு கிலோதான் இறங்கும். அதனால் "காற்றுதான் சார்" என்பது லைனுக்குச் சாதகமான சாட்சி இல்லை, பாதகமானது.

அடுத்து சிமெண்ட் பூச்சு. குழாயின் உட்புறம் இந்த அளவுக்கு சுமார் 3 மி.மீ. கனத்தில் சிமெண்ட் கலவை பூசியிருக்கும். காய்ந்த பூச்சு தண்ணீரைக் குடிக்கும். நிரப்பிய அன்றே டெஸ்ட் எடுத்தால் அழுத்தம் இறங்கத்தான் செய்யும். நிரப்பி, இயங்கு அழுத்தத்தில் 24 மணி நேரம் ஊறவிட்ட பிறகே ஏற்ற வேண்டும். பூச்சு குடிப்பதும் கசிவும் வேறு வேறாகத் தெரியும்: ஒவ்வொரு அரை மணிக்கும் பிடிக்கும் தண்ணீர் 3, 2, 1 என்று குறைந்துகொண்டே வந்தால் ஊறல். 3, 3, 3 என்று நின்றால் கசிவு.

நிரப்புவதிலும் அவசரம் கூடாது. குழாய்க்குள் வேகம் நொடிக்கு 0.3 மீட்டரைத் தாண்டாமல், அதாவது நொடிக்கு ஒன்பது லிட்டர் அளவில், பள்ளத்திலிருந்து மேடு நோக்கி நிரப்புங்கள். 500 மீட்டருக்கு அரை மணி ஆகும். மேட்டில் ஏர் வால்வு இல்லையென்றால் அங்கே சேடில் (குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டை) போட்டு முக்கால் அங்குல காக் (சிறு திறப்பான்) ஒன்றைத் திறந்து வையுங்கள். துப்பித் துப்பி வரும் தண்ணீர் ஒரே தாரையாக மாறிய பிறகு மூடுங்கள். கேஜ் லைனின் தாழ்ந்த இடத்தில் இருக்கட்டும். பத்து மீட்டர் உயர வித்தியாசம் ஒரு கிலோ என்பதை மறந்துவிட்டு, மேட்டில் கேஜ் வைத்து 9 ஏற்றினால் பள்ளத்தில் 10, 11 நிற்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: முனையில் போட்ட டம்மி (அடைப்பு மூடி) அசைகிறதா? 200 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 222. 9 கிலோவில் அந்த டம்மியைத் தள்ளும் விசை ஏறக்குறைய மூன்றரை டன். பின்னால் நாலு சவுக்குக் கட்டையை மண்ணில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தால் மெல்ல மெல்லப் பின்வாங்கும், லைன் நீளும், முள் இறங்கும். ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் டெஸ்ட் 'ஃபெயில்' ஆவது இப்படித்தான். டம்மியின் பின்பக்கம் ஒரு குச்சியை ஊன்றி, இடைவெளியை ஸ்கேலால் அளந்து வைத்தால் தெரிந்துவிடும். மூடிய ஸ்லூயிஸ் வால்வையே (லைனை மூடித் திறக்கும் வால்வு) முனையாக வைத்து டெஸ்ட் எடுப்பதும் வழக்கத்தில் இருக்கிறது, வேண்டாம். வால்வு உள்ளுக்குள் விடுகிறதா, குழாய் விடுகிறதா என்று பிரிக்கவே முடியாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் 3, 3, 3 என்றால் இணைப்புகளைத்தான் தேட வேண்டும். குழாயின் நடுப்பகுதிக்கு மண் போட்டு, இணைப்புகளை மட்டும் திறந்து வைத்திருந்தால் வேலை ஒரு மணி நேரம். ஒவ்வொரு சாக்கட் (அடுத்த குழாய் நுழையும் அகன்ற முனை) வாயின் அடிப்பகுதியையும் துணியால் துடைத்து, காய்ந்த சிமெண்ட் தூளைத் தடவிக்கொண்டே போங்கள். கசியும் இடத்தில் தூள் கறுத்துவிடும். எல்லாவற்றையும் மூடி ரோடும் போட்ட பிறகு டெஸ்ட் எடுப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

கறுத்த இணைப்பில் 15 செ.மீ. எஃகு ஸ்கேலை சாக்கட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ரிங்கைத் தொடும்வரை செருகி, சுற்றிலும் ஆறேழு இடத்தில் ஆழம் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்றால் ரிங் தன் இடத்தில் இருக்கிறது, அழுக்குதான் காரணம். ஓரிடத்தில் மட்டும் ஸ்கேல் கூடுதலாக உள்ளே போனால் ரிங் பள்ளத்தைவிட்டுப் பிதுங்கி உள்ளே தள்ளப்பட்டிருக்கிறது. கழற்றி, புது ரிங் போட்டு மாட்டுவதைத் தவிர வழியில்லை. பிதுங்கிய ரிங்கைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

ரிங் ஏன் பிதுங்குகிறது? மாட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. சாக்கட்டின் உள்பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைக்க வேண்டும். ஒரு சிட்டிகை மணல் போதும், கசிவதற்கு. தார்ப்பூச்சு கட்டியாக நின்றாலும் சுரண்டிவிட வேண்டும். ரிங்குக்கு இரண்டு பக்கம்: ஒன்று கெட்டியான குதிகால், மற்றொன்று மெத்தென்ற குமிழ். குதிகால் வாய்ப்பக்கப் பள்ளத்தில் உட்கார வேண்டும், குமிழ் உள்ளே பார்க்க வேண்டும். ரிங்கை அரசிலை வடிவில் மடித்து உள்ளே வைத்து, மடிப்பை உள்ளங்கையால் வெளிப்பக்கமாக அழுத்தினால் 'டப்'பென்று உட்காரும். பெரிய விட்டத்தில் ஒரே மடிப்பில் அடங்காது, எதிரெதிராக இரண்டு மடிப்புப் போட வேண்டும். விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள், எங்கும் மேடு தட்டக் கூடாது.

சோப்பு பேஸ்ட் எங்கே தடவுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ரிங்கின் உள்முகத்திலும், நுழையும் குழாயின் முனையிலும் மட்டும். ரிங் உட்காரும் சாக்கட் பள்ளத்தில் தடவினால் ரிங்கே வழுக்கி நகரும். கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் எஸ்.பி.ஆர்., ஈ.பி.டி.எம். இரண்டு ரப்பருமே ஊதிப்போகும். குடிநீரில் அது கலப்பது வேறு.

குழாய் முனையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் இருக்கும். முதல் கோடு சாக்கட்டுக்குள் மறைய வேண்டும், இரண்டாவது வெளியே தெரிய வேண்டும். இரண்டும் மறைந்தால் குழாய் சாக்கட்டின் அடியில் முட்டிவிட்டது, திரும்பவோ விரியவோ இடமில்லை. முதல் கோடே தெரிந்தால் பிடி போதவில்லை. நேராக வைத்துத்தான் தள்ள வேண்டும், வளைவு வேண்டுமென்றால் மாட்டிய பிறகு திருப்ப வேண்டும். 200 மி.மீ. குழாயில் ஓர் இணைப்புக்கு 4 டிகிரி வரை இடம் உண்டு, 5.5 மீட்டர் நீளத்தில் மறுமுனை 38 செ.மீ. விலகும். களத்தில் 3 டிகிரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, மண் அமர்ந்தால் மிச்சம் வேண்டும்.

150 மி.மீ. வரை மரக்கட்டை வைத்துக் கடப்பாரையால் நெம்பியே ஏற்றிவிடலாம். 200-லிருந்து இரண்டு பக்கமும் செயின் புல்லி போட்டு இழுப்பதுதான் முறை. ஜே.சி.பி. பக்கெட்டால் தள்ளுவது இன்று எல்லா ஊரிலும் நடக்கிறது. தள்ளித்தான் ஆக வேண்டுமென்றால் நடுவே கனமான பலகை வைத்து, மெதுவாக, நேர்கோட்டில். சாய்வாக ஒரு குத்துக் குத்தினால் ரிங் பிதுங்குவதோடு உள்ளே சிமெண்ட் பூச்சும் பெயரும். பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தால் பயமில்லை, தண்ணீரில் ஊறித் தானே மூடிக்கொள்ளும்.

வெட்டிய குழாய் தனிக் கதை. 200 மி.மீ. குழாயின் சுற்றளவு டேப்பில் 697 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். சாக்கட்டுக்கு அருகே வெட்டினால் சில குழாய்களில் கூடுதலாக வரும். 700-ஐத் தாண்டினால் அந்த இடத்தில் வெட்டாதீர்கள், ரிங்கில் நுழையாது. வெட்டிய விளிம்பைக் கிரைண்டரால் சாய்வாகத் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் 9 மி.மீ., கனத்தில் 3 மி.மீ. அளவுக்கு. கூர்விளிம்போடு தள்ளினால் ரிங்கைக் கத்தி மாதிரி அறுத்துவிடும். தேய்த்த இடத்துக்குப் பூச்சு அடித்து, வேறொரு குழாயைப் பார்த்து வெள்ளைக் கோடுகளையும் திரும்பப் போட வேண்டும். கசியும் இணைப்பு வெட்டுத்துண்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

குழி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகலம் 60 செ.மீ., ரோட்டுக்கு அடியில் குழாய்க்கு மேல் ஒரு மீட்டர் மண். பாறை, கல் மண், கரிசல் என்றால் 10 முதல் 15 செ.மீ. கூடுதலாகத் தோண்டி மணல் படுக்கை போட வேண்டும். ஒவ்வொரு சாக்கட்டுக்கும் கீழே தனிக் குழி பறிக்காவிட்டால், குழாய் இரண்டு சாக்கட்டுகள் மேல் பாலம் மாதிரி நிற்கும்; மேலே லாரி போகப் போக இணைப்புதான் அந்தச் சுமையை வாங்கும். சாக்கட்டுக்கு அடியில் கை நுழைகிறதா, குழாயின் வயிற்றுக்கு அடியில் நுழையவில்லையா என்று பார்த்தால் போதும். பாதாளச் சாக்கடைக் குழாய்க்குப் பக்கவாட்டில் 3 மீட்டர் தள்ளி. குறுக்கே போனால் அரை மீட்டர் மேலே, முழுக் குழாய் ஒன்றின் நடுப்பகுதி சாக்கடைக்கு நேரே வரும்படி.

மழைக்காலத்தில் ஓர் எச்சரிக்கை. டம்மி போட்ட வெறுங்குழாய் தண்ணீர் நிரம்பிய குழியில் மிதக்கும். 200 மி.மீ. கே9 குழாய் ஒன்று சுமார் 200 கிலோ, அது விலக்கும் தண்ணீரோ 213 கிலோ. 300 மி.மீ. என்றால் வித்தியாசம் நூறு கிலோவைத் தாண்டும். மாலையில் பதித்துவிட்டுப் போன லைன் காலையில் எழும்பி நிற்கும். தண்ணீர் வடிந்ததும் இறங்கிவிடும், ஆனால் அடியில் சேறு புகுந்திருக்கும், இணைப்புகள் திரும்பியிருக்கும். அன்றன்றே நடுவில் மண் போட்டுவிட வேண்டும்.

பெண்டுகளுக்கு (குழாய் திரும்பும் வளைவுத் துண்டுகள்) காங்கிரீட் பிளாக் இல்லாமல் ரப்பர் ரிங் லைன் நிற்காது, ஏனென்றால் ரிங் தண்ணீரைத்தான் பிடிக்கும், குழாயைப் பிடிக்காது. 9 கிலோவில் 200 மி.மீ. 90 டிகிரி பெண்டைத் தள்ளுவது ஏறக்குறைய 4.9 டன், 45 டிகிரிக்கு 2.7 டன், 22½-க்கு 1.4 டன். 100 மி.மீ. கிளை எடுக்கும் 'T' துண்டுக்குக் கூட ஒரு டன். சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் மண்ணில் 90 டிகிரி பெண்டுக்கு அரை சதுர மீட்டர் முகம் வேண்டும்: 70 செ.மீ.க்கு 70 செ.மீ. இளகிய களிமண்ணில் அதற்கு இரு மடங்கு. அந்த முகம் தோண்டாத பழைய மண்ணில் முட்ட வேண்டும். கொட்டி நிரப்பிய மண்ணில் முட்டினால் எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டாலும் வீண். இணைப்பையும் போல்ட்டையும் காங்கிரீட்டில் புதைக்காதீர்கள். ஏழு நாள் ஆகாமல் டெஸ்ட் ஏற்றாதீர்கள்.

டெஸ்ட் முடிந்ததும் கழுவிவிட்டு, லிட்டருக்கு 25 மி.கி. குளோரின் வரும்படி நிரப்பி 24 மணி நேரம் வையுங்கள். 15,700 லிட்டருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 1.2 கிலோ. தூளை அப்படியே கொட்டாமல் கரைத்துத் தெளிந்த நீரைச் செலுத்த வேண்டும். மறுநாள் முனையில் 10 மி.கி.யாவது மிஞ்சியிருக்க வேண்டும், பிறகு வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீரால் கழுவலாம்.

இனிப் பராமரிப்பு. டி.ஐ. குழாய் உடைவது அபூர்வம். பழைய வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாக இருப்பதால் அந்த வழியே வெடிக்கும்; இதில் மெக்னீசியம் சேர்ப்பதால் கிராஃபைட் உருண்டையாகத் திரள்கிறது, அதனால் வளையும், உடையாது. தொந்தரவு வருவதெல்லாம் வால்வு, ஏர் வால்வு, வீட்டு இணைப்பு இந்த மூன்றில்தான்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் லைன் ஒவ்வொரு முறையும் காலியாகி நிரம்புகிறது. ஏர் வால்வு அடைத்துக்கொண்டால் நிரம்பும்போது காற்று அடைபட்டுக் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் போகாது. காலியாகும்போது காற்று உள்ளே வர வழியில்லாமல் வெற்றிடம் உண்டாகி, கசியும் ஃபெரூல் (வீட்டு இணைப்பு தொடங்கும் திருகு) வழியே சாக்கடை நீரை உறிஞ்சும். ஏர் வால்வுத் தொட்டியில் மழைத்தண்ணீர் நின்றால் அதையும் உறிஞ்சும். தொட்டியை வடியவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பந்தையும் ரப்பர் இருக்கையையும் கழற்றித் துடையுங்கள்.

ஸ்லூயிஸ் வால்வை ஆண்டுக்கு இரண்டு முறை முழுக்க மூடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு அசையாது. எத்தனை சுற்று என்று முதல் நாளே எண்ணித் தொட்டி மூடியின் உட்புறம் பெயிண்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை நாலு சுற்றுக் குறைவாக நின்றால் அடியில் கல்லோ மண்ணோ இருக்கிறது. மூடும்போது கடைசிச் சுற்றுகள் மிக மெதுவாக. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் டி.ஐ. குழாயில் 12 கிலோ அளவுக்குக் கூடுதல் அழுத்தம் அடிக்கும், டெஸ்டில் ஏற்றியதைவிட அதிகம்.

வீட்டு இணைப்புக்கு சேடில் வாங்கும்போது டி.ஐ. அளவு என்று கேட்டு வாங்குங்கள். 200 பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 200-தான், டி.ஐ. 222. மாற்றிப் போட்டு ரப்பர் ஷீட் திணித்து இறுக்கியது இரண்டு கோடைக்குத் தாங்காது. துளை டிரில்லால் மட்டும், கேஸ் கட்டர் வேண்டாம். துளையிட்ட இரும்புச் சீவல் உள்ளே விழாமல், அழுத்தத்தில் தண்ணீர் ஓடும்போதே போடும் கருவி இருந்தால் நல்லது.

மண் அரிப்பையும் சொல்லிவிடுகிறேன். "டி.ஐ. துருப்பிடிக்காது" என்பது விற்பனைப் பேச்சு. அதுவும் இரும்புதான். வெளியே துத்தநாகமும் அதன்மேல் தாரும் இருப்பதால் சாதாரண மண்ணில் நீண்ட நாள் நிற்கும். நாகப்பட்டினம், ராமநாதபுரம் மாதிரி உப்பு மண்ணிலும் நீர் கோத்த கரிசலிலும் 200 மைக்ரான் பாலித்தீன் உறையைக் குழாய்க்கு மாட்டியே இறக்க வேண்டும், இணைப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி டேப் சுற்றி. பதித்த பிறகு நினைத்துப் பயனில்லை. குறைந்தது சேடில், காலர் (குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும் வளையம்) போல்ட்டுகளையாவது எவர்சில்வரில் போடுங்கள். குழாய்க்கு முன்னால் அவைதான் போகும்.

எதிர்காலத்தில் யாராவது ஜே.சி.பி.யால் குத்திவிட்டால், சின்ன ஓட்டைக்கு சுற்றுக் கிளாம்ப் போதும். பெரிதென்றால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, இடைவெளியைவிட 20 மி.மீ. குறைவான புதுத் துண்டை இரண்டு மெக்கானிக்கல் காலரால் சேர்க்க வேண்டும். துண்டை இறக்குவதற்கு முன்பே காலர், ரிங், கிளாண்டு (ரிங்கை அழுத்தும் வளையம்) மூன்றையும் பழைய குழாயின் இரு முனையிலும் ஏற்றிவிட வேண்டும்; குழிக்குள் இறக்கிய பிறகு ஞாபகம் வந்தால் திரும்பத் தூக்க வேண்டியதுதான். காலர் நடுவில் உட்காரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரண்டு காலர், ஒரு கிளாம்ப், ஒரு முழுக் குழாய், நாலு ரிங் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ரிங்குகளை ஆணியில் தொங்கவிடாமல், வெயில் படாத அறையில் மடங்காமல் படுக்கையாக வையுங்கள்.